ஓரம் வெட்டிய அணில் படம்

உங்கள் கறுப்புத் துணியை இன்று காலை துவைத்துப் போட்டேன். எத்தனை தண்ணீர் மாற்றி அலசியும் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை போகவில்லை. கொடியில் உதறிப் போடும்போது தோட்டத்துக் காற்று அதைத் தூக்கி என் முகத்தில் அடித்தது. ஒரு நொடி, நீங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. அந்தப் புளித்த வாடையும், வேர்வையும், பீடியும். காமிராவுக்குப் பின்னால் இந்தத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஊரையே "அசையாதீங்க, அசையாதீங்க" என்று அதட்டியவர், போன ஐப்பசியிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் தாமே அசையாமல் கிடக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படிப் பேசித்தானே நாம் இருவரும் காலம் தள்ளினோம். எங்கே அனுப்புவது என்று தெரியாத காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உயிரோடு இருந்தபோதும் நான் பத்து வார்த்தை பேசினால் நீங்கள் ஒரு வார்த்தை பேசுவீர்கள். அதனால் இப்போது பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

மறுபடியும் மாசி வந்துவிட்டது. வேம்பு பழைய இலையை எல்லாம் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கிறது. மாமரம் பூத்திருக்கிறது. விடியற்காலையில் ஏற்காட்டு மலைப் பக்கமிருந்து இன்னும் கொஞ்சம் குளிர் வருகிறது. பார்க்கிறவர்கள் தோட்டம் அழகாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இந்த மாதம் ஆகாது. உங்களுக்கும் ஆகாது. காரணம் தெரிந்த மூன்றாவது ஆள் கிடையாது.

அந்த வருஷமும் இப்படித்தான் இருந்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கியிருந்தது. கோயிலில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் சேலத்து வேதக்காரர்களை நம்பி ஸ்டூடியோ வைத்திருந்த உங்களுக்கு வேலையும் கிடையாது. பீடத்தில் பூ வைக்கக் கூடாது என்று சாமியார் சொல்லிவிட்டதால் நம் தோட்டத்துப் பூக்களும் பறிப்பாரில்லாமல் செடியிலேயே மலர்ந்து கிடந்தன. நீங்கள் கடைப் பலகையைப் பாதி சாத்திவிட்டு லென்ஸைத் துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த நேரத்தில்தான் பிலோவுக்கு அம்மை வார்த்தது.

நம் பிலோமினாவுக்கு அப்போது ஏழு வயது. ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் முதல் தடவையாக நற்கருணை, புதுநன்மை, வாங்க வேண்டியவள். வெள்ளை கவுனுக்குத் துணி எடுத்து, வெட்டி, பாதி தைத்து வைத்திருந்தேன். அவளுடைய படம் என்று நம் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். படம் எடுக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் படம் இல்லை. நான் கேட்காத நாள் இல்லை.

"ஏனுங்க, ஊருப் புள்ளைங்களையெல்லாம் புடிக்கிறீங்க. நம்ம புள்ளைய ஒண்ணு புடிச்சா என்னங்க?"

"புதுநன்மை வாங்கட்டும் புள்ள. அன்னிக்குப் புடிக்கிறேன்."

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நம் பக்கத்துச் சனங்கள் குழந்தையைப் படம் பிடித்தால் ஆயுசு குறைந்துவிடும் என்பார்கள். வேதக்காரர்கள்கூடப் புதுநன்மை வாங்கும்வரை, உயிரோடு இருக்கிற குழந்தையை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவர மாட்டார்கள். கண்ணை மூடிய பிறகுதான் உங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். ஓமலூர், எடப்பாடி என்று சைக்கிளில் காமிராவைக் கட்டிக்கொண்டு போவீர்கள். எடப்பாடியில் ஒரு தறிக்காரர் வீட்டில், பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய், "கண்ணு தொறந்தாப்பல பண்ணிக் குடுங்க சாமி" என்று கேட்டாளாமே. அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு நீங்கள் கிணற்றடிக்குப் போய்விட்டீர்கள். படங்களுக்கு வர்ணம் பூசுகிற வேலை என்னுடையது. மூடிய இமைமேல் கண் வரைவதும் என் வேலைதான்.

இராகு காலம், பூனை குறுக்கே போவது எல்லாவற்றையும் கேலி செய்த ஆள் நீங்கள். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு முன்னால் அந்தக் காமிராவை வைத்தபோதெல்லாம் அவர்கள் இறந்தே கிடந்ததைப் பார்த்துப் பார்த்து உங்களுக்குள் ஏதோ ஒன்று இறுகிப் போயிருந்தது. மூளை சிரிக்கும், கை கேட்காது.

அம்மை வார்த்த பிள்ளையை வெளிச்சத்தில் விடக் கூடாது என்றார்கள். கண் கூசும் என்று ஜன்னலைப் பாதி சாத்தி, சேலையைத் தொங்கவிட்டேன். வேதக்கார வீடு என்றாலும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த வேப்பிலையைத் தலைமாட்டில் செருகினேன். வீட்டில் ஏற்கெனவே உங்கள் இருட்டறை ஒன்று இருந்தது. இப்போது இரண்டு ஆயின.

அவளுக்குக் காய்ச்சலைவிடப் பெரிய கவலை தோட்டத்தைப் பற்றித்தான். மாதுளைக்குப் பக்கத்துச் செடியில் தையல்சிட்டு ஒன்று இலையை மடித்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. அவள் கண்டுபிடித்த கூடு அது. முட்டை பொரிந்ததா என்று பார்க்கப் போகணும் என்று அழுதாள்.

"நீ போவ வேண்டாஞ் சாமி. அப்பா போயி புடிச்சிட்டு வாரேன்" என்றீர்கள்.

"கூட்டையவா?"

"படத்தை."

அப்படித்தான் அந்த வாரம் தொடங்கியது. மனித முகத்தைத் தவிர வேறொன்றையும் படம் எடுத்திராத நீங்கள், மூன்று கால் ஸ்டாண்டை வாழைப் பாத்திக்குள் நட்டுவைத்து, இந்தக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு குருவிக்கு முன்னால் நின்றீர்கள். நான் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம், குருவியைப் பார்த்தும் "அசையாதீங்க" என்றீர்கள். அது வாலை ஆட்டிவிட்டுப் பறந்துபோனது. காய்ச்சல்காரப் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அந்த வாரத்தில்கூட எனக்குச் சிரிக்க முடிந்தது.

மத்தியானத்துக்குள் படம் பதிந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவி, அச்சுப் போட்டு, ஈரம் காயாத படத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பீர்கள். சேலையை விரற்கடை அளவு விலக்கி அந்தக் கீற்று வெளிச்சத்தில் அவள் பார்ப்பாள். முதல் நாள் கூடு. அடுத்து, தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு செம்பருத்தியைக் குடைவது. அதில் சிட்டின் உடம்பு புகைபோல இழுபட்டிருந்தது. பூ மட்டும் தெளிவாக இருந்தது, ஆனால் கரிக்கட்டைபோலக் கறுப்பாக.

"அப்பா, செம்பருத்தி கருகிப் போச்சுங்களா?"

"இல்லீடா கண்ணு. இந்தப் பிளேட்டுக்குச் செவப்புத் தெரியாது. செவப்பெல்லாம் அதுக்குக் கறுப்புத்தான்."

"பாவம்" என்றாள்.

நான் என் வர்ணப் பெட்டியை எடுத்துவந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கறுப்பின் மேல் சிவப்பு ஏறாது. எத்தனை பூசினாலும் காய்ந்த இரத்தம்போலத்தான் வந்தது. இலைக்குப் பச்சை பிடித்தது, வானத்துக்கு நீலம் பிடித்தது. அவள் அதிலேயே திருப்திப்பட்டாள். வேலியில் இருந்த ஓணானை நீங்கள் எடுத்த படம்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. சொன்னதைக் கேட்டு அசையாமல் உட்கார்ந்த ஒரே ஆள் அதுதான் என்றீர்கள். ஸ்டூடியோவுக்கு வருகிற மாப்பிள்ளைகளை எல்லாம் இந்த ஓணானிடம் பாடம் படிக்க அனுப்பணும் என்று நீங்கள் சொன்னபோது அவள் இருமி இருமிச் சிரித்தாள். அந்த இருமலை நாம் இருவருமே கவனித்தோம்.

கூட்டில் குஞ்சு பொரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற குஞ்சுகளை எடுத்து வந்தீர்கள். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் கூடு கிழிந்து தொங்கியது. பூனையோ, செம்போத்தோ. நீங்கள் வெறுங்கையோடு திரும்பிவந்து என்னைப் பார்த்தீர்கள். இருட்டறைக்குள் போய்ப் பழைய பிளேட்டிலிருந்தே இன்னொரு படம் போட்டு எடுத்துவந்தீர்கள்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "நேத்து வாயத் தொறந்த மாதிரியே இன்னிக்கும் தொறந்திருக்குதுங்களே?"

"அசையாதீங்கன்னு சொன்னேன். சொன்ன பேச்சு கேட்டுச்சுங்க."

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. உடம்பில் தடிப்பு மங்கியது. எழுந்து சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நான் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். சாயந்தரம் அவள் கேட்டதற்காக ஜன்னல் கதவை ஒரு சாண் திறந்துவைத்தேன். வழக்கமாக அங்கே வருகிற அணில் வந்தது. அவள் பொரியை விரல் நுனியில் பிடித்துக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். நீங்கள் வெளியே கொய்யா மரத்தடியில் காமிராவோடு காத்திருந்தீர்கள். அணில் ஜன்னல் விளிம்பில் இரண்டு காலில் எழுந்து நின்று, முன்னங்கைகளை நீட்டிய நேரத்தில் நீங்கள் படம் விழவைக்கிற ரப்பர் பந்தை அழுத்தினீர்கள்.

அந்த வாரத்திலேயே அதுதான் நல்ல படம். அணிலின் மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பிளேட்டைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். ஓரத்தில், கம்பிக்கு இந்தப் பக்கம், மணிக்கட்டு வரைக்கும் அவள் கை விழுந்திருந்தது. மெலிந்த கை, கறுப்புக் கயிற்றோடு, ஒரு பொரியைப் பிடித்துக்கொண்டு.

"நல்லா வந்திருக்குதுங்களே" என்றேன்.

அதே நேரம் உள்ளே அவள் மறுபடி இரும ஆரம்பித்தாள். போய் நெற்றியில் கை வைத்தால் கொதித்தது. காலையில் இறங்கிய காய்ச்சல் முன்னைவிட அதிகமாக ஏறியிருந்தது. நான் ஈரத்துணிக்காகத் திரும்பி ஓடிவந்தபோது நீங்கள் சவரப் பிளேடால் அந்தக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னங்க பண்றீங்க? வெறும் கைதானுங்க அது!"

"கை யாரோடது புள்ள?" என்றீர்கள். உங்கள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "யாரோடது, சொல்லு."

பிடுங்கியிருக்கலாம். என் கையில் ஈரத்துணி இருந்தது, உள்ளே பிள்ளை கூப்பிட்டது. நான் போய்விட்டேன்.

சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும் என்பதால் அச்சுப் போட்டபின் அந்த ஓரத்தையே கத்தரியால் வெட்டிவிட்டுக் கொண்டுவந்தீர்கள். அவளுக்குக் கண்ணைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் வாங்கிப் பார்த்தாள்.

"என் கை எங்கீங்க அப்பா?"

"அணிலு வந்திருக்குதில்ல சாமி. அது போதும்."

"அப்ப அது ஆருகிட்ட வாங்குது?"

அந்த வீட்டில் கடைசிவரை அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்து சனங்கள் தெருவில் பேசிக்கொண்டே போகிற சத்தத்தில், அவள் போய்விட்டாள்.

பாதி தைத்த கவுனை என் தங்கச்சி உட்கார்ந்து முடித்துக்கொடுத்தாள். அதைப் போட்டுவிட்டு, கையில் ஜெபமாலையைச் சுற்றிக் கூடத்தில் கிடத்தினோம். எனக்கு அப்போது ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. பெட்டியை மூடிவிட்டால் இந்த முகத்தை இனி எங்கேயும் பார்க்க முடியாது. வந்திருந்தவர்கள் முன்னால் உங்கள் சட்டையைப் பிடித்துக் கேட்டேன்.

"இப்பவாச்சும் ஒண்ணு புடிங்க. உங்க கால்ல வுழறேன்."

நீங்கள் ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைத்தீர்கள். பிளேட்டைச் செருகினீர்கள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தீர்கள். நான் பந்தை அழுத்துகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. கிட்டே வந்தேன். துணி குலுங்கிக்கொண்டிருந்தது.

துணிக்குள்ளிருந்தே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "புடிச்சிருவேன். ஆனா கண்ணு நீதான் வரையணும். வரைவியா புள்ள?"

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வரைந்த கை இது. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கண் என்றுகூடத் தெரியாமல், கறுப்பு விழி, ஒரு துளி வெள்ளை என்று வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போன கை. பிலோவின் கண் எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் முடியாது என்று எனக்குப் புரிந்தது. நான் தலையை ஆட்டினேன். துணிக்குள் இருந்த உங்களுக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் நீங்கள் வெளியே வந்து ஸ்டாண்டை மடக்கினீர்கள்.

அப்புறம் நாம் வாழ்ந்ததை வாழ்ந்தது என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஈஸ்டர் வந்தது. கல்யாணங்கள் வந்தன. வருஷா வருஷம் புதுநன்மைப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுவர்த்தியுமாக ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். நீங்கள் எடுத்தீர்கள், நான் சுடருக்கு மஞ்சள் பூசினேன். நடுவில் எத்தனையோ நாள் அந்தச் சுரண்டிய கண்ணாடியை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்ப்பீர்கள். இப்படி ஒரு மருந்து, அப்படி ஒரு மருந்து என்று கழுவிப் பார்த்தீர்கள். சுரண்டிப் போட்டது எந்த மருந்துக்குத் திரும்பி வரும்? உங்களை நான் குறை சொல்லவில்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். தினமும் சொன்னேன், மனசுக்குள். உங்கள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு சொன்னேன். நீங்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது தெரிந்ததால்தான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் நமக்குள் மிஞ்சியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது திடீரென்று கேட்பீர்கள்: "புள்ள, அந்த மச்சம் எடது தாடையிலதான?" நான் "சோத்துக்கைப் பக்கம்" என்பேன். நீங்கள் கொஞ்சம் யோசித்து "ஆமா" என்பீர்கள். இன்னொரு நாள் நான் கேட்பேன், முன்பல் விழுந்தது மேலேயா கீழேயா என்று. இப்படி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைக் கீழே விழாமல் வைத்திருந்தோம். வேறு எதற்காகவும் நாம் இருவரும் அவ்வளவு சேர்ந்து உழைத்ததில்லை.

இப்போது ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டது. மச்சம் வலப்பக்கம் என்று சொல்லிச் சொல்லியே வந்த எனக்கு, இன்று துணி துவைக்கும்போது, ஒருவேளை நீங்கள் சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. கேட்க ஆள் இல்லை. முகம் கலைகிறது. ஒன்றுமே செய்வதற்கில்லை. நீங்கள் செத்தபோது நினைவு அட்டையில் போட உங்கள் படம் கேட்டார்கள். தேடினால் அதுவும் இல்லை. எல்லோரையும் எடுத்த மனிதரை யாரும் எடுக்கவில்லை. அட்டையில் வெறும் சிலுவை போட்டார்கள்.

மத்தியானம் வர்ணப் பெட்டியை எடுத்தேன். அணில் படத்தை ஒரு வெள்ளை அட்டையில் ஒட்டி, வெட்டிப்போன ஓரத்தில் அந்தக் கையை நானே வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மணிக்கட்டு வந்தது, கறுப்புக் கயிறு வந்தது, விரல்களும் வந்தன. பார்த்தால், மெழுகுவர்த்தி பிடித்து நிற்கிற ஏதோ ஒரு புதுநன்மைப் பிள்ளையின் கை. வருஷக்கணக்காக வரைந்து வரைந்து என் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். துடைத்த இடம் அழுக்காக இருக்கிறது.

சாயந்தரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் உப்பு கேட்டு வந்தாள். அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஐயோ, என்ன அழகுங்க! இந்த அணிலு எதுக்குங்க்கா இப்படிக் கையேந்தி நிக்குது?"

"பொரிக்குங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். உப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். யார் கொடுக்கிற பொரி என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

துணி காய்ந்துவிட்டது. மடித்து வைக்கப் போகிறேன்.